வாச்சி பட்ட இடம்

என் மகளுக்கு நாலரை வயது. ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் ஊர்க் கோயிலின் கதையைச் சொல்லி அவளைத் தூங்க வைத்தேன். மறுநாள் காலை அந்தக் கோயிலுக்கே கூட்டிக்கொண்டு போனேன். போகாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் வழியில் இருக்கிறது திருப்பாச்சூர். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். பாசு என்றால் மூங்கில். ஒரு காலத்தில் ஊரே மூங்கில் காடாக இருந்ததாம். மேய்ச்சலுக்குப் போன பசு ஒன்று தினமும் ஒரே இடத்தில் தானாகப் பால் சொரிந்துவிட்டு வந்தது. வீட்டில் பால் குறைந்தது. என்ன ஏது என்று பார்க்கப் போனவர்கள் அந்த இடத்தை வாச்சியால் வெட்டினார்கள். வாச்சி, தச்சர்கள் மரம் செதுக்குகிற கருவி. வெட்டிய இடத்திலிருந்து ரத்தம் பீறிட்டது. மண்ணை விலக்கினால் உள்ளே லிங்கம். வாச்சியால் வெட்டுப்பட்டதால் வாச்சிநாதர். அதுவே பின்னால் வாசீஸ்வரர் ஆனது.

இது ஊர் சொல்கிற கதை. நான் மகளுக்குச் சொன்னது வேறு. "வெட்டினாங்களா, டங்குன்னு ஒரு சத்தம். குனிஞ்சு பாத்தா, சாமி!" அவ்வளவுதான். ரத்தம் வேண்டாம், தூங்குகிற நேரம் என்று நினைத்தேன்.

கோயிலில் குருக்கள் தீபத்தைக் காட்டிக்கொண்டே, "இதோ பாரும்மா, வெட்டுப்பட்ட தழும்பு. ரத்தமா வந்துச்சு" என்றார். மகள் தழும்பைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். பிரகாரம் சுற்றி முடிக்கும்வரை பேசவில்லை. வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் கேட்டாள்.

"ரத்தம் வந்துச்சாமே. நீ டங்குன்னு சொன்ன."

"ஆமாண்டா."

"வலிச்சுதா? யாரு மருந்து போட்டா?"

அவள் பயப்படவே இல்லை. அந்தக் கதையில் நான் எடுத்துப்போட்ட ஒரே துண்டைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். சாமிக்கு வலிக்கும், வலித்தால் மருந்து போட ஆள் வேண்டும். நான் சொன்ன வடிவத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. டங் என்ற சத்தத்தோடு அது முடிந்துவிடுகிறது.

மென்பொருள் வேலையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கேயோ பிழை வருகிறது. ஏன் வருகிறது என்று பார்க்க நேரமில்லை. பிழைச் செய்தி திரையில் தெரியாதபடி மறைத்துவிட்டு, சரிசெய்தாகிவிட்டது என்று எழுதிப் போட்டுவிடுவோம். அந்தச் சனிக்கிழமை இரவு நான் செய்ததும் அதுதான். அன்றிலிருந்து வீட்டில் இருக்கிற சித்திரப் புத்தகங்களை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். நாட்டுப்புறக் கதை, புராணம், நீதிக்கதை என்று குழந்தைகளுக்காக வரும் புத்தகங்களில் எத்தனை இப்படி டங் என்று முடிகின்றன?

*

நமக்குக் குழந்தைக் கதை என்றாலே கடைசியில் ஒரு நீதி வேண்டும். சாலையோரக் கடையில் கிடைக்கும் பளபளத் தாள் புத்தகம் எதை எடுத்தாலும், கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டி 'நீதி:' என்று போட்டிருப்பார்கள். இந்தப் பழக்கத்துக்குப் பஞ்சதந்திரத்தைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். ஆனால் பஞ்சதந்திரம் அந்தச் சாட்சியைச் சொல்லாது.

மந்தமான மூன்று இளவரசர்களுக்கு விஷ்ணுசர்மன் ஆறு மாதத்தில் அரசியல் கற்பித்த கதை அது. அங்கே நீதி என்றால் நல்லொழுக்கம் என்று பொருளில்லை. உலகத்தில் பிழைக்கிற சாமர்த்தியம். முதல் தந்திரத்தின் தலைப்பே நட்பைப் பிரித்தல்தான். தமனகன் என்ற நரி, பிங்கலகன் என்ற சிங்கத்துக்கும் சஞ்சீவகன் என்ற காளைக்கும் இடையே கோள் மூட்டுகிறது. நண்பனை நண்பனே கொல்கிறான். வடமொழிக் கதையில் நரிக்கு ஒன்றும் ஆவதில்லை. நன்றாகவே இருக்கிறது.

8ஆம் நூற்றாண்டில் இதை அரபிக்குக் கொண்டுபோன இப்னு அல்முகஃபாவுக்கு இந்த முடிவு உறுத்தியிருக்க வேண்டும். 'கலீலா வ திம்னா'வில் புதிதாக ஓர் அத்தியாயம் வந்து சேர்ந்தது. நரியைப் பிடித்து, விசாரணை நடத்தி, தண்டனை கொடுக்கிறார்கள். கதையின் கடைசியில் கட்டம் கட்டுகிற வேலை நம் கடைப் புத்தகங்களோடு தொடங்கியதல்ல, ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையது.

தமிழ் உரைநடையில் பஞ்சதந்திரம் வந்தது 1826இல். தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்தார். கம்பெனி அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பித்த சென்னைக் கல்விச் சங்கத்தின் வழியாக வந்த நூல் அது. அதாவது நம்முடைய இந்த 'குழந்தை இலக்கியம்' முதலில் இளவரசர்களுக்குச் சொல்லப்பட்டது, தமிழ் அச்சில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பாடமானது. குழந்தைகள் பிறகுதான் வந்தார்கள். அவர்களுக்காகத்தான் கட்டம் கட்டினோம்.

பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈசாப் கதையில் காகத்தின் வாயில் இருப்பது பாலாடைக்கட்டி. நம்மூருக்கு வந்தபோது அது வடையானது மட்டுமில்லை, ஒரு பாட்டியும் கூடவே வந்தாள். என்னைக் கேட்டால், உலகத்தில் இந்தக் கதைக்குக் கிடைத்த மிகச் சிறந்த திருத்தம் இதுதான். மரத்தடியில் அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, வடை விற்றுப் பிழைக்கிற ஒரு கிழவி. கதைக்குள் உழைப்பு வந்துவிட்டது. ஆனால் காகம் வடையைத் தூக்கிய அடுத்த நொடியே பாட்டியைக் கைவிட்டுவிடுகிறோம். நரி ஏமாற்றியது, காகம் ஏமாந்தது, புகழ்ச்சிக்கு மயங்காதே. காகம் திருடியதே என்று யாரும் கேட்பதில்லை. காகம் வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடுகிற புது வடிவமும் உண்டு. அதில் திருடன் ஜெயிக்கிறான், நாமும் கைதட்டுகிறோம். இந்தக் கதையைச் சொன்னால் குழந்தைகள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் "பாட்டி என்ன பண்ணுச்சு?" என்பதுதான். கட்டத்துக்குள் இருக்கிற நீதிக்கு அந்தக் கேள்வி தெரியாது.

*

இங்கே சித்திரப் புத்தகம் என்ற வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படம் போட்ட கதைப் புத்தகமும் சித்திரப் புத்தகமும் ஒன்றில்லை. முன்னதில் எழுத்து சொன்னதையே படம் திரும்பச் சொல்லும். "சிங்கம் கர்ஜித்தது" என்று எழுத்து இருக்கும், பக்கத்தில் வாயைத் திறந்த சிங்கம் இருக்கும். படத்தை எடுத்துவிட்டாலும் கதை நடக்கும். சித்திரப் புத்தகத்தில் எழுத்து பாதி, படம் பாதி. இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் குழந்தை உட்காருகிறது.

இதற்கு நான் எப்போதும் காட்டுகிற உதாரணம் பாட் ஹட்சின்ஸின் 'ரோஸீஸ் வாக்' (1968). ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருகிறது. எழுத்து இவ்வளவுதான், மொத்தம் 32 சொற்கள். படத்தில் கோழிக்குப் பின்னால் ஒரு நரி. பக்கத்துக்குப் பக்கம் பாய்கிறது, எதிலாவது மாட்டி விழுகிறது. நரி என்ற சொல் புத்தகத்தில் ஓரிடத்திலும் இல்லை. படித்துச் சொல்கிற அப்பாவுக்குத் தெரியாத மாதிரியும், தனக்கு மட்டும் தெரிந்த மாதிரியும் குழந்தைக்குத் தோன்றும். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை அந்த வீட்டிலேயே அதிகம் தெரிந்த ஆளாகிவிடுகிறது.

இந்த முறையில் நம் வடைக் கதையை யோசித்துப் பாருங்கள். எழுத்து முழுக்கக் காகமும் நரியும்தான். பாட்டியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனால் எல்லாப் படத்திலும் ஓர் ஓரத்தில் பாட்டி இருக்கிறாள். வடையை எண்ணுகிறாள், ஒன்று குறைகிறது, மறுபடி எண்ணுகிறாள், அண்ணாந்து பார்க்கிறாள். கடைசிப் பக்கத்தில் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். நீதி எழுத வேண்டியதில்லை. "பாட்டி என்ன பண்ணுச்சு?" என்ற கேள்விக்குப் படத்தில் பதில் இருக்கிறது, அல்லது அந்தக் கேள்வியே படமாக இருக்கிறது.

வாய்மொழிக் கதையில் இந்த இடைவெளி தானாகவே இருந்தது என்று நினைக்கிறேன். என் ஆயா கதை சொல்லும்போது பாதியில் நிறுத்தி வெற்றிலை போடும். அந்த ஒரு நிமிஷத்தில் நாங்கள் என்னென்னவோ கற்பனை செய்துகொள்வோம். "அப்புறம் இன்னா ஆச்சி ஆயா?" என்று கேட்டால், "இரு, வாயில போட்டுக்கினு சொல்றேன்" என்று வரும். அச்சுப் புத்தகத்தில் ஆயா இல்லை. அந்த வெற்றிலை போடுகிற நிமிஷத்தைப் படம்தான் கொடுக்க வேண்டும். எழுத்து சொன்னதையே படமும் சொன்னால் அந்த நிமிஷம் போய்விடுகிறது.

*

தமிழில் இப்படி ஒரு மரபே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அம்புலிமாமாவை நினைத்துக்கொள்கிறேன். அது சித்திரப் புத்தகம் இல்லை, படக்கதைப் பத்திரிகை. இருந்தாலும் ஓவியர் சங்கரின் அந்த ஒரு படத்தைப் பார்த்த யாராலும் மறக்க முடியாது. இருட்டு, சுடுகாடு, கையில் வாளோடு விக்கிரமாதித்தன், தோளில் தொங்கும் பிணம். 1952இல் அம்புலிமாமாவில் சேர்ந்த சங்கர் 2020இல் மறைந்தார். மாதாமாதம் ஒரு பிணத்தைக் குழந்தைகளின் மடியில் போட்டவர் என்று அவரைச் சொல்லலாம். அந்தப் பிணத்தை மென்மையாக்க யாரும் முயலவில்லை. வீட்டுப் பெரியவர்களும் நமக்கு முன்பே எடுத்துப் படித்தார்கள்.

அதைவிட முக்கியம் அந்தக் கதைகள் முடிகிற விதம். வேதாளம் கதையைச் சொல்லிவிட்டு நீதி சொல்வதில்லை. கேள்வி கேட்கிறது. யார் செய்தது சரி? பதில் தெரிந்தும் பேசாவிட்டால் தலை சுக்குநூறாகும், பேசினால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். மூலத்தில் இருப்பவை 25 கதைகள். அம்புலிமாமா அந்தச் சட்டகத்துக்குள் பல பத்தாண்டுகளுக்குப் புதுப்புதுக் கதைகளைப் போட்டுக்கொண்டே இருந்தது. கேள்வியில் முடிகிற கதைக்குத் தமிழ்க் குழந்தைகள் தலைமுறைகளாகப் பழகியவர்கள். குழந்தைக்குக் கட்டாயம் நீதி வேண்டும் என்பது பெரியவர்களின் பதற்றம். அந்தப் பதற்றத்தை நம் சொந்த மரபின் தலையில் கட்டக் கூடாது.

இந்தப் பதற்றம் நமக்கு மட்டும் உரியதுமில்லை. கிரிம் சகோதரர்களின் தொகுப்பு முதலில் வந்தது 1812இல். அதில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது அவளைப் பெற்ற அம்மா. 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். பெற்றவள் அப்படிச் செய்வாளா என்ற சங்கடத்தை, இன்னொரு பெண்ணின் தலையில் தூக்கிப் போட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு உலகம் முழுக்க மாற்றாந்தாய் என்ற சொல்லுக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை. கதையைச் சுத்தம் செய்கிறவர் யார்மீது அழுக்கைத் தள்ளுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

*

இன்றைக்கு நிலைமை என் சிறுவயதைவிட எவ்வளவோ மேல். சென்னையிலிருந்தே இரண்டு முக்கியமான பதிப்பகங்கள் இயங்குகின்றன. கீதா வுல்ஃப் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ், பழங்குடி ஓவியர்களைக் கதைசொல்லிகளாகவே நடத்துகிறது. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூன்று கோண்டு ஓவியர்கள் வரைந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' (2006) கறுப்புத் தாளில் கையால் அச்சிடப்பட்ட புத்தகம். பக்கத்துக்கு ஒரு மரம், ஒரு சின்னக் கதை. அந்தக் கதைகளில் பல தொன்மங்கள். எதற்கும் விளக்கமோ நீதியோ இல்லை. இரவில் மரம் வேறு ஏதோவாக இருக்கிறது, அவ்வளவுதான். என் மகள் அதை அடிக்கடி எடுப்பாள், படிக்கச் சொல்ல மாட்டாள், விரலால் கோடுகளைத் தொடர்ந்துகொண்டே போவாள்.

1996இல் தொடங்கிய துலிகா, தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் சித்திரப் புத்தகம் போடுகிறது. 'அண்ட் லேண்ட் வாஸ் பார்ன்' மத்திய இந்தியாவின் பிலாலா மக்கள் சொல்லும் படைப்புக் கதை. சந்தியா ராவ் எழுத, உமா கிருஷ்ணசுவாமி வரைந்தது. அசோக் ராஜகோபாலனின் 'கஜபதி குலபதி' நாட்டுப்புறக் கதை இல்லை. மழையில் நனைந்து சளி பிடித்த யானைக்கு ஊரே வைத்தியம் சொல்கிற கதை. ஆனால் ஆளாளுக்கு வந்து ஒன்றைச் சொல்லிக்கொண்டே போகிற அந்த அடுக்கு, நம் ஆயாக்களின் அடுக்கு. தும்மல் வருகிற பக்கத்துக்கு முன்னால் என் மகள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பிரதம் புக்ஸ் 2015இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம். தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோயிருக்கிறது. விலையால் தாரா புக்ஸ் எட்டாத வீடுகளுக்கு இவை எட்டுகின்றன.

இவ்வளவும் இருந்தும் எனக்கு ஒரு குறை. என் மகளின் அலமாரியில் கோண்டு மரம் இருக்கிறது, பிலாலா உலகப் படைப்பு இருக்கிறது, வார்லிச் சிங்கம் இருக்கிறது. தொண்டை நாடு இல்லை. மூங்கில் காட்டுப் பசு இல்லை. மற்றவர்களின் தொன்மங்களை அவை இருக்கிறபடியே, கறுப்பும் பயமும் புரியாமையும் கலந்தே நல்ல பதிப்பகங்கள் குழந்தைக்குத் தருகின்றன. சொந்த ஊர்க் கதை என்று வரும்போது மட்டும், என்னைப் போன்ற அப்பாக்களிலிருந்து கடைப் புத்தகம் போடுகிறவர்வரை, டங் என்று ஒரு சத்தம் போட்டு முடித்துவிடுகிறோம். ஏனென்றால் சொந்த ஊர்க் கதையில் யார் யாரை வெட்டினார்கள் என்பது நமக்குத் தெரியும்.

*

திருப்பாச்சூர்க் கதை பசுவோடு முடிவதில்லை. அந்தப் பகுதியைக் குறும்பர் தலைவன் ஒருவன் ஆண்டான். கரிகாலனுக்குக் கப்பம் கட்ட மறுத்தான். படை வந்தது. குறும்பன் காளி பக்தன், காளியே இறங்கி வந்து அவனுக்காகப் போரிட்டாள். கரிகாலனால் ஜெயிக்க முடியவில்லை. சிவனிடம் முறையிட்டான். சிவன் நந்தியை அனுப்ப, நந்தி காளிக்கு விலங்கு போட்டார். குறும்பன் தோற்றான். கோயிலில் காளிக்கு இன்றும் இடம் இருக்கிறது.

மகளுக்கு இதை இரண்டாம் முறை சொல்லும்போது எதையும் எடுக்கவில்லை. விலங்கு இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"காளி கெட்டவங்களா?"

"இல்லடா, சாமி."

"அப்ப ஏன் கட்டிப்போட்டாங்க?"

"அவங்க குறும்பன் பக்கம் நின்னாங்க. தோத்துட்டாங்க."

"தோத்தவங்க கெட்டவங்களா?"

என்னிடம் பதில் இல்லை. இந்தக் கதைக்கு ஒரு சித்திரப் புத்தகம் வந்தால் ஓவியர் முதல் நாளே முடிவெடுக்க வேண்டிய கேள்வியும் இதுதான். சொல்லும்போது குறும்பனுக்கு நிறம் கிடையாது. வரைந்துதான் ஆக வேண்டும் என்றால் நிறம் வந்துவிடும். தேவர்களை வெளுப்பாகவும் அரக்கர்களைக் கறுப்பாகவும் தீட்டிய அமர் சித்திரக் கதைகளின்மேல் இந்த விமரிசனம் பலகாலமாக இருக்கிறது. இங்கே கரிகாலன் சிவப்பாகவும் குறும்பன் கறுப்பாகவும் வந்தால், கதை சொல்லாத தீர்ப்பைப் படம் சொல்லிவிடும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்கப்போகிற பிள்ளைகளில், காட்டையும் ஆட்டையும் நம்பி வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள்.

ஒரு நண்பர், அவரும் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, இதைப் படித்துவிட்டு வாதாடினார். நாட்டுப்புறக் கதையில் சாதி இருக்கிறது, பெண்ணை இழிவு செய்வது இருக்கிறது, எல்லாவற்றையும் அப்படியே நாலு வயதுக் குழந்தைக்குக் கொடுப்பாயா என்றார். நியாயம்தான். எல்லாவற்றையும் கொடுக்கச் சொல்லவில்லை. கி. ராஜநாராயணன் வாழ்நாள் முழுக்க நாட்டுப்புறக் கதைகளைச் சேர்த்தவர், ஆனால் பாலியல் கதைகளை 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று தனிப் புத்தகமாகவே போட்டார். எந்தக் கதையை எப்போது சொல்வது என்பது ஆயாக்களுக்கும் தெரிந்திருந்தது. சொல்லாமல் வைத்திருப்பதில் தப்பில்லை. வேறு வயதில் சொல்லிக்கொள்ளலாம். சொல்லும்போது வெட்டை எடுத்துவிட்டு டங் என்று வைப்பதில்தான் எனக்குச் சிக்கல். பிள்ளை என்றைக்காவது தழும்பைப் பார்க்கும்.

*

இதற்கெல்லாம் கடினமான பரீட்சை, இதே மாவட்டத்தில் இன்னொரு கதை. பழையனூர் நீலி.

திருவாலங்காட்டை ஒட்டிய ஊர் பழையனூர். போன பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகப் பிறக்கிறாள். அவன் வணிகனாகப் பிறந்து அந்த வழியாக வருகிறான். நீலி மனைவி வேடத்தில், கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபைக்கு முன்னால் நின்று அழுகிறாள். இவள் பேய் என்று அவன் கதறுகிறான். குழந்தை அவனை அப்பா என்று கூப்பிடுகிறது. வேளாளர் 70 பேர், உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று வாக்குக் கொடுத்து இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம். 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள். சம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தக் கதையின் குறிப்பு வருகிறது. நமக்கு மிஞ்சியது 'நீலிக் கண்ணீர்' என்ற சொல்.

சின்ன வயதில் என் ஆயா இதைச் சொன்னபோது எங்களை உலுக்கியது கொலை இல்லை. கள்ளிக் கொம்பு அப்பா என்று கூப்பிடுகிற இடம்தான். சொல்லி முடித்துவிட்டு ஆயா தனக்குள் பேசுவதுபோல, "அவளயும் ஒருத்தன் கொன்னான்ல" என்று சொல்லும். கதை ஊர்ச் சபையின் பக்கம் நிற்கிறது, ஆயா ஒரு வரியில் கதைக்கு வெளியே போய் நீலியின் பக்கம் நின்றுவிடும். நீலிக் கண்ணீர் என்றால் பொய்க் கண்ணீர் என்கிறோம். அவள் அழுததில் எது பொய்? அவன் அவளைக் கொன்றது பொய்யா?

நீலியின் பக்கம் நின்றவர் என் ஆயா மட்டுமில்லை. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியில், இதே பழையனூர் நீலி முனிச்சந்திரர் என்ற சமணத் துறவியை மிரட்டப் போகிறாள். அவரிடம் தோற்று, மாணவியாகி, ஊர் ஊராகப் போய் மற்ற சமயத்தாரோடு தத்துவ வாதம் செய்து ஜெயிக்கிறாள். சபையின் முன் பொய் சொன்ன பேய், சபைகளில் வாதாடும் பெண்ணாகிவிட்டாள். கதையை மாற்றுவது தப்பு என்று சொல்கிறவர்களுக்கும் நீலகேசிதான் பதில். பயங்கரத்தை எடுத்துப் போட்டுவிட்டு வந்த மாற்றம் இல்லை அது. பயங்கரமானவளுக்குப் பேச்சு கொடுத்த மாற்றம்.

நீலிக்கு ஒரு சித்திரப் புத்தகம் செய்யலாமா? நாலு வயதுக்கு வேண்டாம். எட்டு வயதுக்குச் செய்யலாம் என்று நம்புகிறேன். எழுத்து முழுவதும் சபை பேசட்டும். அவர்கள் கண்ணில் அவள் மனைவி, குழந்தை குழந்தை. படத்தில் கள்ளிக் கொம்பு கள்ளிக் கொம்பாகவே இருக்கட்டும். அவளுடைய முகத்தில் பழைய பிறவியின் காயம் இருக்கட்டும், யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். பிள்ளைகள் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

பயந்துவிடுவார்களே என்றால், எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு வந்து பாருங்கள். படுகளத்தன்று மண்ணில் மல்லாந்து கிடக்கிற பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தைச் சுற்றி முதல் வரிசையில் நிற்பது பிள்ளைகள்தான். பீமன் தொடையில் அடிப்பதைப் பார்க்கிறார்கள். துரியோதனனுக்காக ஒப்பாரி வைக்கிற பெண்களையும் பார்க்கிறார்கள். தோற்றவனுக்காக அழுவதற்கு அந்தத் திருவிழாவில் இடம் இருக்கிறது. நம் புத்தகங்களில்தான் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறோம். படுகளத்தில் பிள்ளையின் கையை யாராவது பிடித்திருப்பார்கள். புத்தகம் படிக்கும்போதும் பிடித்துக்கொள்ளலாம், அதற்குத்தானே பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறோம்.

போன வாரம் பழைய நோட்டு ஒன்றில் நானும் மகளும் பாசூர்க் கதையைப் படம் போட ஆரம்பித்தோம். பசுவும் மூங்கிலும் அவள் வேலை. எழுத்து என் வேலை. வாச்சிப் பக்கத்தில் சிவப்பு கிரேயானை அழுத்தித் தேய்த்து, அதன்மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டினாள். வீட்டில் இருந்த நிஜப் பிளாஸ்திரி. காளிப் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. என்ன வரைவது என்று கேட்டேன்.

"நீ அதுக்குப் பதில் சொல்லவே இல்ல" என்றாள்.